'இடித்துரைத்தல்' என்ற சொல்லின் வேர் எது?

கேள்வி:
ஒருவருடைய தவற்றை அவரிடமே அழுத்தமாக எடுத்துச் சொல்வதை 'இடித்துரைத்தல்' என்கிறோம். இதிலுள்ள 'இடி' வானத்து இடியே என்றும், உரத்த குரலில் அதட்டுவதே சொல்லின் முதற்பொருள் என்றும் ஒருவர் விளக்கக் கேட்டேன். ஆனால் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் கண்டிப்பான அறிவுரையும் இடித்துரைத்தல்தானே? திட்டுதல், கண்டித்தல் ஆகியவற்றிலிருந்து இச்சொல் எவ்வாறு வேறுபடுகிறது?

மறுமொழி 1:
வானத்து இடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நெல்லை இடித்தார்கள், சுவரை இடித்தார்கள், தோள் இடித்தது, வானம் இடித்தது என்று நாம் வழங்கும் எல்லாவற்றிலும் இருப்பது 'மோதுதல், தாக்குதல்' என்ற ஒரே கருத்து. மலையாளத்திலும் 'இடி' என்பது முழக்கத்தையும் குத்துவதையும் சேர்த்தே குறிக்கிறது. ஆகவே வானத்து இடி ஒரு கிளை, சொல்லால் தாக்குவது இன்னொரு கிளை என்று கொள்வதே பொருந்தும். 'உரைத்தல்' என்பது பொருளைத் தெளிவாக்கச் சேர்ந்தது. குறளில் 'இடித்தல்' என்று மட்டுமே வருகிறது.

மறுமொழி 2:
வேரைவிட, இடிப்பவர் யார் என்பதைக் கவனித்தால் வேறுபாடு விளங்கும். 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பா ரிலானும் கெடும்' (448) என்ற குறள் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் இருக்கிறது. 'மேற்சென்று இடித்தற் பொருட்டு' (784) என்பது நட்பைப் பற்றிய குறள். குறுந்தொகை 58-ஆம் பாடலில், காதலில் வாடும் தலைவன் தன்னைக் கடிந்துகொள்ளும் தோழனை 'இடிக்கும் கேளிர்' என்றே அழைக்கிறான். கேளிர் என்றால் உற்றவர். பகைவர் ஏசுவார், வசைபாடுவார். இவ்விடங்களிலெல்லாம் இடிப்பவரோ நலம் நாடும் உரிமை உள்ளவர். திட்டுவதற்கு அந்த உரிமை தேவையில்லை, சினம் மட்டுமே போதும். இந்த நுட்பத்தை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் 'திட்டினார்' என்றே இன்று எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மறுமொழி 3:
784-ஆம் குறளின் 'இடித்தல்' என்பதற்குப் பரிமேலழகர் 'கழறுதல்' என்று பொருள் கூறுகிறார். அகத்துறையில் 'பாங்கன் கழறல்' (தலைவனைத் தோழன் கடிந்துரைத்தல்) என்பதும் இதுவே. ஆயினும் கழறுதலுக்குப் பொதுவாகப் 'பேசுதல்' என்ற பொருளும் உண்டு. எல்லா உயிர்களும் பேசுவதை அறிந்தவர் என்பதால்தான் சேரமான் பெருமாள் நாயனார் 'கழறிற்றறிவார்' எனப்பட்டார். 'கண்டித்தல்' வடமொழியில் வெட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கண்டம், கண்டனம் ஆகியவை அதன் உறவுச் சொற்கள். கண்டிப்பதில் பதவியின் அதிகாரம் இருக்கலாம்; ஓர் அமைப்பு அறிக்கை வெளியிட்டுக்கூடக் கண்டிக்கலாம். இடித்துரைப்பது பெரும்பாலும் நேருக்கு நேர் நிகழ்வது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 'இடித்துக்காட்டுதல்' என்பதும் இதே பொருளில் வருமா?

மறுமொழி 2 எழுதியவர்:
முழுவதும் அப்படி அன்று. குறையைச் சுட்டுவது என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பேச்சுவழக்கில் 'இடித்துக்காட்டினார்' என்றால், முடிந்துபோன தவற்றையோ தாம் செய்த உதவியையோ மனம் நோகும்படி சொல்லிக்காட்டினார் என்ற பொருளே முதலில் தோன்றும். திருத்தும் நோக்கத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'இடித்துரைத்தார்' என்றே எழுதுங்கள்.