சனிக்கிழமை வகுப்பில் இடவியல் வேண்டுமா?

பால்மரத்து மகள்: சுங்கை சிப்புட் சனிக்கிழமை வகுப்பில் படிவம் ஆறு பிள்ளைகளுக்குக் கணினி இடவியல் (உருவத்தை நெளித்தாலும் மாறாத ஓட்டை, சுற்று போன்றவற்றைக் கணினியால் எண்ணும் கணிதம்) சொல்லித்தரலாம், இயற்பியலில் வரும் இடவியல் ஒழுங்குள்ள பொருள் நிலைகளைப் புரிந்துகொள்ள அது உதவும் என்றேன். அந்த நிலைகளுக்கும் அதற்கும் பெயரில்தான் உறவு என்று ஆசிரியர் ஐயா மறுத்துவிட்டார். இங்கேயே பேசுவோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: இப்போதும் மறுக்கிறேன். 1989இல் இயற்பியலாளர் சியாவ்-காங் வென் இடவியல் ஒழுங்கு என்றது பொருளின் உருவத்தை அல்ல. துகள்களுக்கிடையே நெடுந்தூரம் பரவிய குவாண்டம் பின்னல், அதாவது ஒன்றின் நிலையைத் தனியே சொல்ல முடியாத பிணைப்பு, அதுதான் வேர். செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளிடம் ஓட்டைகளை எண்ணச் சொன்னால் அது விளங்கிவிடுமா, அம்மா?

பால்மரத்து மகள்: விளங்கும், ஐயா. குவாண்டம் தகவலைப் பிழையிலிருந்து காக்க, இயற்பியலாளர் கித்தாயேவ் 1997இல் டியூப் வடிவப் பரப்பில் அமைத்துத் தந்த டோரிக் கோட் மாதிரியின் அடிநிலை (மிகக் குறைந்த ஆற்றல் நிலை), மூடிய கோடுகளாலான கோலங்கள் பலவும் ஒன்றாய்க் கலந்த நிலை. சிக்குக் கோலத்தில் கோடு அறுந்தால் இரண்டு முனைகள் தெரியும். அந்த முனைகள்தான் அங்கே துகள்கள். நேற்று மகனின் சைக்கிள் டியூபில் காற்றடித்து, சுண்ணக்கட்டியால் வளையங்கள் போட்டேன். நீளவாக்கில் சுற்றியவை ஒற்றையா இரட்டையா, குறுக்கே சுற்றியவை ஒற்றையா இரட்டையா? கோட்டை எப்படி நெளித்தாலும் இந்த இரண்டு விடைகளும் மாறவில்லை. ஆக நான்கு வகை. டோரிக் கோடின் அடிநிலைகளும் நான்கே. துளை இரண்டானால் 16, மூன்றானால் 64. சுற்றுகளை இப்படி வகை பிரித்து எண்ணுவதுதான் ஹோமாலஜி. எண்களை அடுக்கிய அணியின் தரத்தை (ஒன்றையொன்று சாராத வரிசைகள் எத்தனை என்பதை) கண்டுபிடிக்கும் கணக்கு. கணினிக்கு நொடி வேலை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: விடை முன்பே தெரிந்த மாதிரி அது. ஆய்வகத்தில் எந்தப் பொருளும் டியூபாக வளைந்து வருவதில்லை. துகள்கள் ஒன்றையொன்று சுற்றிச் சடைபோல் முறுக்கும் சிக்கலான வகைகளில், முடிச்சுகளை வேறுபடுத்திக் காட்டும் ஜோன்ஸ் பல்லுறுப்புக்கோவை வந்து நிற்கும். அதைத் துல்லியமாகக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பது 1990இலேயே நிரூபணமாகிவிட்டது.

தாப்பா மாணவன்: ஐயா, என்னை இழுப்பதே அந்தக் கடினம்தான். அதன் தோராய மதிப்பைச் சில இடங்களில் குவாண்டம் கணினி விரைவாகத் தரும் என்று படித்தேன்.

பால்மரத்து மகள்: வளைக்கவும் வேண்டியதில்லை, ஐயா. நீங்கள் சொன்ன குவாண்டம் பின்னலைத் தட்டையான பரப்பிலேயே அளந்து இடவியல் ஒழுங்கைக் கண்டுகொள்ள 2006இல் வழி கிடைத்தது. 2021இல் கூகுள் குழு 31 கியூபிட்டுகளில் (குவாண்டம் கணினியின் தகவல் அலகுகளில்) டோரிக் கோட் நிலையை உண்டாக்கி அளந்தது. இடவியல் ஒழுங்கின் அடையாளமாக அந்த அளவில் எதிர்பார்த்த எண் 2இன் இயல்மடக்கை. கிடைத்ததும் அதற்கு அருகில்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அவர்கள் அளந்தது பின்னலை. நான் சொல்வதும் அதைத்தானே!

பால்மரத்து மகள்: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டோரிக் கோடில் பிழை நேர்ந்து, கோடு அறுந்து முனைகள் முளைத்தால், சரிசெய்ய எதை எதோடு சேர்ப்பது? சேர்த்த கோடு டியூபைச் சுற்றாமல் மூடினால் தீங்கில்லை. ஒற்றைப்படையாய்ச் சுற்றிவிட்டால் சேமித்த தகவல் கெட்டுவிடும். இதை ஹோமாலஜி இல்லாமல் எப்படிச் சொல்வீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அந்த இடத்தில் அது வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் முதல் வகுப்பு பின்னலுக்கு. அதை நான் எடுக்கிறேன். அது முடிந்தபிறகு டியூபைக் கொண்டு வாருங்கள்.