கமான் உச்சியில் விரிசல்: கான்கிரீட் போடுவதா, அப்படியே விடுவதா?

தேக்காவாசி:
வணக்கம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய கடைவீடு இருக்கிறது. கீழே கடை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஐந்தடிப் பாதையை, அதாவது கடை முன்னால் ஆட்கள் நடக்கும் மூடிய நடைபாதையை, ஒட்டி அரைவட்டச் செங்கல் கமான்கள் வரிசையாக நிற்கின்றன. கடைசிக் கமானின் உச்சியில், அடிப்பக்கம், 2 மில்லிமீட்டர் விரிசல் விட்டிருக்கிறது. கமானின் அகலம் 2.4 மீட்டர், கனம் 23 சென்டிமீட்டர். உள்பக்கம் கம்பி கட்டி கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் கட்டட வேலைக் குத்தகையாளர். செய்யலாமா?

சுண்ணாம்புக்கலவை:
வேண்டாம் அண்ணே. விரிசல் விட்ட கமான் உடைந்த கமான் அல்ல. செங்கல் கமான் இழுவிசையை நம்பி நிற்பதில்லை. கல்லைக் கல் அமுக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே கமானின் வடிவம் என்று ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675லேயே சொன்னார். அந்தச் சங்கிலிக் கோடு கமானின் கனத்துக்குள் எங்காவது அடங்கினால் போதும், கமான் நிற்கும்.

கால்கள் கொஞ்சம் விலகினால் உச்சி அடியில் திறக்கும். இரு தோள்களிலும், அதாவது உச்சிக்கும் கால்களுக்கும் இடைப்பட்ட பகுதியில், மேல்பக்கம் திறக்கும், அது சுவருக்குள் மறைந்திருப்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆக மூன்று இடங்களில் கீல் போட்டதுபோல் ஆகிறது. மூன்று கீலோடு கமான் தாராளமாக நிற்கும். நான்காவது கீல் விழுந்தால்தான் அது மடியும்.

தன் எடையை மட்டும் தாங்கும் அரைவட்டக் கமானுக்குக் குறைந்தபட்சக் கனம் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். உங்கள் கமானுக்குச் சுமார் 14 சென்டிமீட்டர் போதும், 23 இருக்கிறது. ரோமில் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் விரிசல் கண்டு எல்லாரும் பதறியபோது, இத்தாலியக் கணித அறிஞர் போலேனி எடை கட்டிய சங்கிலியைத் தொங்கவிட்டுப் பார்த்து, அந்த விரிசல்களால் ஆபத்து இல்லை என்று 1748இல் எழுதினார். குவிமாடம் இன்றும் நிற்கிறது.

பீடோக் பொறியாளர்:
போலேனி கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். குவிமாடத்தைச் சுற்றி இரும்பு வளையங்கள் போடவும் அவர் சம்மதித்தார், போட்டார்கள். கணக்கில் பாதுகாப்பு தெரிந்தும் உதைப்பை, அதாவது வளைவு தன் கால்களை வெளிப்பக்கம் தள்ளும் விசையை, கட்டி வைத்தார்கள்.

நீங்கள் சொன்ன கணக்கு கால் நகராத கமானுக்கு. தேக்காவாசி சொல்வது கடைசிக் கமான். நடுவில் இருக்கும் கமான்களுக்குப் பக்கத்துக் கமானின் உதைப்பு எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுக்கிறது. கடைசித் தூணுக்கு அந்த உதவி இல்லை, தன் எடையாலும் அடித்தளத்தாலும் மட்டுமே தாங்க வேண்டும். இந்தத் தீவில் பல இடங்களில் கீழே இருப்பது மென்மையான கடற்களிமண். பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டினாலே தூண் அசையலாம்.

பழசு தானாக நிற்கும் என்ற நம்பிக்கை எனக்குக் கவலை தருகிறது. இத்தாலியின் அசிசியில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் வளைவுக்கூரை பல நூற்றாண்டுகள் நின்றது. 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து 4 பேர் இறந்தார்கள். கூரையின் தோள்களில் காலங்காலமாகக் குவிந்திருந்த தளர்ந்த இடிபாடுகளும் அதற்கு ஒரு காரணம். உங்கள் கமானுக்கு அடியில் நாள் முழுக்க ஆட்கள் நடக்கிறார்கள்.

சுண்ணாம்புக்கலவை:
கடைசிக் கமான் என்பதை நான் கவனிக்கவில்லை, அது என் தவறு. கால் நகர்ந்துகொண்டிருந்தால் இரு கால்களையும் இணைத்து ஓர் இரும்புக் கம்பி போடுங்கள், அதை நான் எதிர்க்கவில்லை. கான்கிரீட்டைத்தான் எதிர்க்கிறேன். சுண்ணாம்புச் சாந்து கட்டடத்தோடு சேர்ந்து அசையும், ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உறை இரண்டையும் தடுக்கும். நம் ஊர் மழைக்குப் பழைய செங்கல் உள்ளுக்குள்ளேயே ஊறி உதிர்ந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

பீடோக் பொறியாளர்:
கான்கிரீட் உறை எனக்கும் பிடிக்காது. தூண் நகர்ந்தால் அதுவும் சேர்ந்துதான் நகரும். ஆனால் 'விட்டுப் பார்ப்போம்' என்பதற்கு நான் உடன்படமாட்டேன். தேக்காவாசி, வணிகக் கட்டடங்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயக் கட்டமைப்பு ஆய்வு உண்டு. முந்தைய அறிக்கையில் இந்த விரிசலின் படம் இருக்கிறதா?

தேக்காவாசி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இல்லை. அப்புறம், போன வருடம் ஓரத்துச் சந்தில் வடிகாலுக்குத் தோண்டினார்கள்.

பீடோக் பொறியாளர்:
அப்படியானால் இது புது நகர்வு. இன்றே முட்டுக் கொடுங்கள். ஆய்வு செய்த பொறியாளரை வரவழையுங்கள்.

சுண்ணாம்புக்கலவை:
சரி, முட்டுக்கு நானும் சம்மதம். ஆனால் ஜாக்கி வைத்து உச்சியைத் தூக்க விடாதீர்கள், உதைப்புக் கோடு, அதாவது நான் சொன்ன சங்கிலிக் கோடு, இடம் மாறி நான்காவது கீலை நாமே திறந்துவிடுவோம். கமானின் வளைவுக்கு மரச்சட்டம் வெட்டி, தொட்டும் தொடாமலும் நிறுத்தச் சொல்லுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் கம்பி போட்டே ஆக வேண்டும்.

பீடோக் பொறியாளர்:
தூணின் அடியிலும் அளவுகுறி வையுங்கள். கண்ணாடி உடையும்வரை கம்பியைத் தள்ளிப்போடுவதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை.