தாபரிப்புக் காசு: உழைப்பு குறைஞ்சா நானாக் குறைச்சுக் கட்டலாமா?

எழுவான்கரையான்:
வணக்கம். விவாகரத்து மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில முடிஞ்சுது. மகளுக்கு 17, மகனுக்கு 11. ரெண்டு பேரும் தாயோட களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிறாங்க. தாபரிப்பு, அதாவது பிள்ளைகளின் பராமரிப்புக் காசு, மாதம் 30,000 ரூபா எண்டு நீதவான் நீதிமன்றக் கட்டளை. நான் கத்தாரில இருக்கக்குள்ள போட்ட தொகை அது. இப்ப ஊரில ஓட்டோ ஓடுறன். கடைசி நாலு மாதமா 15,000 தான் கட்டுறன். "சரி, பார்த்துக் கட்டுங்க" எண்டு தாய் போனில சொன்னா. போன கிழமை நிலுவை எண்டு அறிவித்தல் வந்திருக்கு. ட்யூஷன் காசும் மகனுக்கு சைக்கிளும் நான்தான் குடுத்த. அது கழியாதா? பிள்ளைகளைக் காட்டுறதும் இல்ல. மகளுக்கு 18 வந்தா பாதி நிண்டுடுமா? திரும்பவும் வெளிநாடு போற யோசனையும் இருக்கு.

வழக்கேடு:
தம்பி, முதல்ல கணக்கு. மாதம் 15,000 குறைவு, நாலு மாதம், நிலுவை 60,000 ரூபா. போனில சொன்ன வார்த்தை வழக்கேட்டில் (மன்றின் வழக்குக் கோப்பில்) ஏறாது. பொலிஸில் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தாலும் இதே கதைதான். நீதவானின் கட்டளையை நீதவான்தான் மாற்றலாம். புதுக் கட்டளை வரும்வரை பழைய தொகைதான் மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கும்.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்க நீதவானுக்கு அதிகாரம் இருக்கு. பாதி கட்டினாலும் மீதிப் பாதி கட்டாத தொகைதான். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலேயே கழிக்கச் சொல்லிக் கட்டளை போகலாம். அறிவித்தலில் இருக்கிற திகதிக்குக் கட்டாயம் போங்கோ. போகாவிட்டால் பிடியாணைதான் அடுத்தது. கையில் இருக்கிறதை அன்றைக்கே கட்டி, மிச்சத்துக்குத் தவணை கேளுங்கோ. ஒன்றும் கட்டாமல் தவணை கேட்கிறவரை விட 20,000 கட்டிவிட்டுக் கேட்கிறவரின் பேச்சு எடுபடும்.

குறைக்கிறது தனி வேலை. கட்டளை போட்ட அதே நீதிமன்றத்தில், அதே வழக்கிலக்கத்தில், சூழ்நிலை மாறிவிட்டது என்று காட்டி மனுவும் சத்தியக்கடதாசியும் போட வேண்டும். தாய்க்கும் உடன்பாடு என்றால் இரண்டு பேரும் மன்றில் நின்று சொல்லிப் பதிவாக்கலாம், அது இன்னும் சுலபம். ஆனால் மனுப் போடுவதற்கு முந்தின 60,000 அதனால் அழியும் என்று நினைக்க வேண்டாம். வேலை போன மாதமே போட்டிருக்க வேண்டிய மனு இது. அதனால் இனி ஒரு கிழமையும் பிந்த வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை: கத்தார் கம்பனி தந்த வேலை முடிப்புக் கடிதம், கடவுச்சீட்டில் நாடு திரும்பின முத்திரை உள்ள பக்கம், கடைசி ஆறு மாத வங்கிக் கூற்று, கிராம உத்தியோகத்தர் தந்து பிரதேச செயலகத்தில் ஒப்பமிட்ட வருமானச் சான்றிதழ், ஓட்டோ லீசிங் பத்திரம், பழைய கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதி.

இந்த லீசிங் பத்திரத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வருமானம் 40,000 என்று சான்றிதழ் சொல்லும். லீசிங் மாதம் 28,000 என்று பத்திரம் சொல்லும். "12,000 இல் எப்படிச் சாப்பிடுகிறீர்?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால் வாயடைத்துப் போகும். ஒரு மாதம் முழுக்க நாளாந்த ஓட்டத்தையும் பெற்றோல் செலவையும் ஒரு கொப்பியில் எழுதி, உண்மையான தொகையையே சொல்லுங்கோ. ஓட்டோ வாங்கினது உங்கள் தெரிவு, பிள்ளையின் பசி யாருடைய தெரிவும் இல்லை. மன்றும் அப்படித்தான் பார்க்கும்.

இத்தனை வீதம் என்று சட்டத்தில் ஒரு கணக்கு கிடையாது. பெற்றோர் இருவரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் பார்த்து நீதவான் தீர்மானிப்பார். தாய் உழைக்கிறா என்றால் அதையும் முன்வைக்கலாம். அவ மறுமணம் செய்தாலும் பிள்ளைகளின் தாபரிப்பு உங்கள் பொறுப்பில்தான் இருக்கும்.

துண்டுச்சீட்டு:
சைக்கிளும் ட்யூஷனும் கழியாது அண்ணன். கட்டளையில் "காசு" என்று இருந்தால் காசுதான், மற்றதெல்லாம் அன்பளிப்பு. ட்யூஷன் காசை நேரே கட்ட விருப்பம் என்றால், அடுத்த வழக்குத் திகதியில் அதை மன்றில் சொல்லி, தொகையோடு கட்டளையில் எழுதுவியுங்கோ.

கட்டுகிற விதமும் முக்கியம். கையில் குடுக்கவே வேண்டாம், மாமியாரிடமும் மகளிடமும் குடுத்துவிட வேண்டாம். மன்றில் கட்டச் சொல்லியிருந்தால் மன்றில், தாயின் கணக்குக்கு என்றால் அந்தக் கணக்குக்கு. வைப்புச் சீட்டில் குறிப்பு எழுதுகிற இடத்தில் வழக்கிலக்கத்தையும் மாதத்தையும் எழுதுங்கோ. மெசின் தருகிற மெல்லிய துண்டு இருக்கே, அதை ஓட்டோ முன்கண்ணாடியடியில் சொருகி வைத்தால் நம்மட வெயிலுக்கு ரெண்டு மாதத்தில் வெள்ளைத் தாள். எழுத்து ஒன்றும் மிஞ்சாது. கட்டின அன்றைக்கே போட்டோகொப்பி எடுத்து, மாத வரிசையில் ஒரு பைலில் போடுங்கோ. கட்டினவரே நிரூபிக்க முடியாமல் இரண்டாம் தரம் கட்டுகிறது இந்தத் துண்டாலதான்.

இன்னொன்று. விவாகரத்துத் தீர்ப்பிலும் பிள்ளைத் தாபரிப்பு எழுதியிருக்கா என்று பாருங்கோ. மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு தொகை, நீதவான் மன்றில் ஒரு தொகை என்று இருந்தால், தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதியை நீதவான் முன் வையுங்கோ. சொல்லாமல் விட்டால் இரண்டும் தனித்தனியாக ஓடும்.

படுவான்காற்று:
பிள்ளைகளைக் காட்டாத விசயம். "காட்டினா கட்டுறன்" என்று நிறுத்துவது உங்களுக்கே வினை, அது தாபரிப்பு வழக்கில் ஒரு பதிலாகவே எடுபடாது. அதே மாதிரி, காசு பிந்தினதுக்காகப் பிள்ளையை மறைக்கவும் தாய்க்கு உரிமை இல்லை. இரண்டும் வேறு வேறு பாதை.

பாதுகாவலும் பார்வையிடலும் விவாகரத்து நடந்த மாவட்ட நீதிமன்றத்தோடு. தீர்ப்பை எடுத்து வாசியுங்கோ. அனேகமாக "நியாயமான நேரங்களில் பார்க்கலாம்" என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த வரிதான் சண்டைக்கு வித்து. சட்டத்தரணி மூலம் அதே வழக்கில் மனுப் போட்டு, துல்லியமாகக் கேளுங்கோ: எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எங்கே கையளிப்பது, யார் கூட்டிவருவது, பாடசாலை விடுமுறையில் எத்தனை நாள், சித்திரை வருசத்தன்றும் கோயில் திருவிழாவிலும் எப்படி. "ஞாயிறு காலை 9 மணிக்குப் பெரியம்மா வீட்டில்" என்று எழுதியிருந்தால் மீறினது யார் என்று மன்றுக்குக் காட்டலாம். அதுவரை ஒவ்வொரு தரமும் போய்த் திரும்பின திகதியைக் குறித்து வையுங்கோ. வாசலில் நின்று சத்தம் போட வேண்டாம், அது மற்றப் பக்கத்துக்குச் சாட்சியாகும்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் மட்டக்களப்புச் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கோ. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், ஆம்பிளை என்று தள்ள மாட்டார்கள்.

காத்தான்குடிவாசி:
இதே கேள்வி எங்கட முஸ்லிம் ஆக்களுக்கு எப்படி?

வழக்கேடு:
1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் முடித்தவர்களுக்குத் தாபரிப்பு காதி நீதிமன்றத்தில். சட்டத்தரணி அங்கே தோன்ற முடியாது, நீங்களே பேச வேண்டும். அதனால் பத்திரங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போங்கோ. மேன்முறையீடு காதிகள் சபைக்கு. கட்டாவிட்டால் அறவிட நீதவான் மன்றுக்குத்தான் வரும், ஆகவே நிலுவையைப் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை உங்களுக்கும்தான்.

எழுவான்கரையானுக்கு மிச்சம் இரண்டு. மகளுக்கு 18 ஆனதும் நீங்களாகப் பாதியை வெட்ட வேண்டாம். கட்டளையில் தலா 15,000 என்று பிரித்திருக்கா, இருவருக்கும் சேர்த்து 30,000 என்றிருக்கா பாருங்கோ. சேர்த்திருந்தால் பிரித்துத் தரும்படி இப்போ போடுகிற மனுவிலேயே கேட்கலாம். 18 முதல் 25 வரை, தன்னைத் தானே பராமரிக்க முடியாத பிள்ளைக்கும் சட்டம் தாபரிப்புக் கேட்க இடம் தருகிறது. மகள் உயர்தரம் படிக்கிறா என்றால் அதையும் மனதில் வைத்துத் தொகையைப் பேசுங்கோ.

வெளிநாடு போகிறதென்றால், நிலுவையைத் தீர்த்து, வழக்கேட்டில் பிடியாணை ஒன்றும் கிடக்கவில்லை என்று நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் பார்த்த பிறகு டிக்கட் போடுங்கோ. உங்கள் கணக்கிலிருந்து தாயின் கணக்குக்கு மாதாமாதம் ஒரே திகதியில் காசு போக வங்கியில் நிலையான கட்டளை குடுத்து, அதன் பிரதியை வழக்கேட்டில் சேருங்கோ. சம்பளம் 10ஆம் திகதி வந்தால் இந்த வங்கிக் கட்டளையை 12க்குப் போடுங்கோ. கணக்கில் காசு இல்லாத நாளில் போட்டால் வங்கி அனுப்பாது. நீங்கள் கத்தாரில், நிலுவை களுவாஞ்சிகுடியில்.