அசுரப் படைக்குப் பெயர் வைப்பது: எழுதுபவர்கள், விளையாட்டு செய்பவர்கள் பகிர்ந்தவை

நாவல் எழுதுபவர்

மிகுபுனைவு கையெழுத்துப் பிரதிகளில் அசுரப் படையின் பெயர் பெரும்பாலும் மூன்று சொற்களைச் சுற்றியே வருகிறது: இருள், மரணம், நரகம். 'இருளின் படை', 'மரண சேனை', 'நரக வீரர்கள்' என்று வைத்தால் முதல் பக்கத்தோடு அந்தப் பெயரின் வேலை முடிந்துவிடுகிறது. படையைத் திரட்டியது யார், அது என்ன செய்யும், யாருக்குக் கட்டுப்பட்டது என்று எதையும் அது சொல்வதில்லை. பயமுறுத்தப் பார்க்கும் பெயரைவிட தகவல் சொல்லும் பெயரே வாசகரை நெடுநேரம் பிடித்து வைக்கிறது.

இதற்கு நம்மிடமே நல்ல அச்சு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனின் படைப்பிரிவுகள் 'பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்', 'மும்முடிச் சோழத் தெரிந்த பரிவாரத்தார்' என்று வருகின்றன. மன்னனின் பட்டப்பெயர் முதலில், 'தெரிந்த' (தேர்ந்தெடுத்த என்ற பொருளில்) அடுத்து, படையின் வகை கடைசியில். பட்டப்பெயரும் சும்மா வைத்ததல்ல. 'கேரளாந்தகன்' என்றால் கேரளருக்கு முடிவானவன். அந்தப் பெயரில் பெரிய கோயிலில் ஒரு வாயிலே இருக்கிறது.

அதே அச்சில் உங்கள் அசுர மன்னனை வார்த்துப் பாருங்கள். அவன் ஒரு நாட்டின் மழையை நிறுத்தியவன் என்றால் அவன் 'மழையந்தகன்', அவன் படை 'மழையந்தகத் தெரிந்த வில்லிகள்'. இதில் 'கொடிய' என்ற சொல்லே இல்லை. ஆனால் மன்னனின் வரலாறு, படையின் ஆயுதம், அவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்ற செருக்கு மூன்றும் வந்துவிடுகின்றன.

முழுப்பெயரை ஒவ்வொரு பத்தியிலும் போட்டால் நடை கனத்துவிடும். கட்டியக்காரன் அறிவிக்கும்போது ஒருமுறை, ஓலையில் ஒருமுறை போதும். மற்ற இடங்களுக்கு மூன்று சுருக்கப் பெயர்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். படை தன்னை அழைப்பது ('தெரிந்தோர்'), எதிரிப் படை அழைப்பது ('வறட்டு வில்லிகள்'), ஊர்மக்கள் அழைப்பது ('வறள்'). யார் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே பேசுபவர் எந்தப் பக்கம் என்று வாசகர் கண்டுகொள்வார்.

மேசை விளையாட்டு நடத்துபவர்

பெயருக்கு அடுத்தபடியாக எண்ணிக்கையில்தான் கோளாறு வருகிறது. 'கோடி அசுரர்' என்று எழுதிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் ஒரு கணவாயை நாற்பது பேர் காத்தார்கள் என்றால் நம்ப முடியாது. அலகுகளுக்கும் சேர்த்துப் பெயர் வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

மகாபாரதப் படைக் கணக்கு இதற்கு அருமையாகப் பொருந்தும். ஒரு பத்தி என்பது 1 தேர், 1 யானை, 3 குதிரை, 5 காலாள், ஆக 10 உருப்படி. மூன்று பத்தி ஒரு சேனாமுகம். அதன்பின் குல்மம், கணம், வாகினி, பிருதனை, சமு, அனீகினி என்று ஒவ்வொரு படியும் மும்மடங்கு. கடைசிப் படியில் மட்டும் பத்து மடங்கு: பத்து அனீகினி ஓர் அக்குரோணி. எண்ணில் சொன்னால் 10, 30, 90, 270, 810, 2,430, 7,290, 21,870, 2,18,700.

மேசையில் பத்து பொம்மைகள் வைக்க இடம் உண்டு என்பதால் ஒரு பத்தியே ஒரு மோதலுக்குச் சரியான அளவு. தேருக்குப் பதில் ஒரு தலைவன், யானைக்குப் பதில் ஒரு பூதம், குதிரைக்குப் பதில் மூன்று கழுது, காலாளுக்குப் பதில் ஐந்து கூளி என்று மாற்றிக்கொள்ளலாம். கூளி, கழுது, அலகை, குணங்கு எல்லாமே பேயைக் குறிக்கும் பழஞ்சொற்கள். நூல்களில் இவை பெரிதும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே வருவதால், எது சிறியது, எது வேகமானது என்பதை நீங்களே வரையறுக்கலாம். வரையறுத்தபின் மாற்றக் கூடாது. இரண்டாம் ஆட்டத்தில் கூளி பறந்தால் ஆடுபவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

படிப்பெயர்களில் இரண்டைத் தவிர்ப்பது நல்லது. 'கணம்' நொடிப்பொழுதையும் குறிப்பதால் 'ஒரு கணம் அழிந்தது' குழப்பும். சிவகணங்களும் நினைவுக்கு வரும். 'சமு' காதுக்குச் செல்லப்பெயர் போலக் கேட்கிறது.

எல்லா எண்ணும் வாய்ப்பாட்டில் அடங்கவும் வேண்டாம். தேவி மாகாத்மியத்தில் அசுர மன்னன் சும்பன் படை திரட்டும்போது உதாயுதர் 86, கம்புக்கள் 84, கோடிவீரியர் 50 குலம், தௌமிரர் 100 குலம் என்று குலம்குலமாக அழைக்கிறான். ஒழுங்கில்லாத அந்த எண்கள்தான் உண்மையான கூட்டம் என்ற உணர்வைத் தருகின்றன. ஐரோப்பிய மந்திர நூல் மரபிலும் இதே வழக்கம்தான். 72 பேய்த் தலைவர்களில் பாயேலுக்கு 66 படையணி, பைமோனுக்கு 200. யார் பெரியவன் என்று தனியாக விளக்க வேண்டிய தேவையே இல்லை.

மீண்டும் நாவல் எழுதுபவர்

குலப்பெயர் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய காவியங்களில் அசுரப் படைகளின் பெயர்கள் வியக்கும்படி அடக்கமானவை. அசோகவனத்தில் அனுமனைப் பிடிக்க வந்தவர்கள் கிங்கரர், அதாவது ஏவலர். வால்மீகியில் அவர்கள் 80,000 பேர். அருச்சுனன் கடலோரம் போரிட்ட நிவாதகவசர் தங்கள் கவசத்தால் பெயர் பெற்றவர்கள். மனிதப் படையில் சம்சப்தகர் என்பது திரும்பமாட்டோம் என்று எடுத்த சபதத்தால் வந்த பெயர். பதவி, கவசம், சபதம் என்ற மூன்று ஊற்றுகளை வைத்தே ஒரு நாவலுக்கு வேண்டிய படைகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிடலாம்.

படையின் உள்ளமைப்புக்கு பரிமேலழகர் உரையில் வரும் அறுவகைப் படையை எடுத்துக்கொள்ளுங்கள்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. பரம்பரையாகச் சேவிப்பது மூலப்படை. கம்பனில் இராவணன் கடைசியில் களமிறக்கும் மூலபலம் அதுதான். பகைப்படை என்பது எதிரியிடமிருந்து பிரிந்து வந்தது. அசுர மன்னனிடம் பகைப்படை இருந்தால் அதில் இருப்பது மனிதர்கள்! அங்கே ஒரு கதை தானாகவே தொடங்குகிறது. முன்னணிக்குத் 'தூசி', பின்னணிக்குக் 'கூழை' என்ற சொற்களும் உண்டு. 'தூசிப்படை' சாம்பல் பூசிய அசுரருக்கு இரட்டைப் பொருளில் பொருந்தும். 'கூழை' இன்று குட்டையையும் கூழைக்கும்பிடையும் நினைவூட்டுவதால் அதை எடுக்கமாட்டேன். 'கூலிப்படை'யையும் அப்படியே, நாளிதழ்க் கொலைச் செய்தியிலிருந்து அதைப் பிரிக்க முடியாது.

ஒலி, புணர்ச்சி பார்ப்பவர்

படை என்ற சொல்லை முன்சொல்லோடு ஒட்டும்போது புணர்ச்சியை விடாதீர்கள். இருள் + படை = இருட்படை, முள் + படை = முட்படை, சாம்பல் + படை = சாம்பற்படை. 'இருள்படை' என்று பிரித்தாற்போல் எழுதினால் பெயர் தளர்ந்துபோகிறது. 'ட்ப', 'ற்ப' என்ற மோதல் ஒலிதான் அதற்கு வலு.

ஒட்டியபின் வாய்விட்டுப் படியுங்கள். நிழற்படை, புகைப்படை இரண்டும் இலக்கணப்படி சரி; ஆனால் வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு அவை நிழற்படம், புகைப்படம். தீப்படை தீயணைப்பு வண்டியை அழைத்து வரும், செம்படை ருஷ்யாவை. 'லேகியோன்' விவிலியத் தமிழில் பேய்க்கூட்டத்தின் பெயராக மாற்கு 5:9-இல் வருகிறது. அழகான சொல்தான், ஆனால் அந்த வசனம் தெரியாதவருக்கு அது லேகியம்.

அசுரருக்குத் தனிமொழி வேண்டுமென்றால் 'க்ஸ்', 'ஷ்', 'ஜ்' என்று குவிக்க வேண்டாம். அது வடமொழிப் பெயர்களின் நகல் ஆகிவிடும். தமிழ்ச் சொல் ட, ற, ல, ர, ழ, ள ஆகியவற்றில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியாது. இந்த இரண்டு விதியை மட்டும் மீறினால் போதும். 'ழாகத்' என்பதை எந்தத் தமிழரும் உச்சரிக்க முடியும், ஆனால் தமிழல்ல என்று காது உடனே சொல்லும். ஊர்மக்கள் வாயில் அது 'இழாகத்து' ஆக வேண்டும், ராமன் இராமன் ஆனதும் பக்கெட் பக்கெட்டு ஆனதும் போல. ஓர் இனம் நூறாண்டு அங்கே பயத்தோடு வாழ்ந்திருக்கிறது என்பதை அந்த 'இ'யும் 'து'வும் சொல்லிவிடும்.

நாட்டார் வழிபாடு அறிந்தவர்

எடுக்கக் கூடாத பெயர்களைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும். காட்டேரி, முனி, இசக்கி, சுடலைமாடன், கருப்பு எல்லாம் இன்றும் படையல் வாங்கும் தெய்வங்கள். பேய்ப்பட்டியலில் தேடினால் காட்டேரி கிடைக்கும்; ஆனால் அது பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். அவர்களை வில்லனின் காலாட்களாக நிறுத்துவது ஒரு குடும்பத்தின் பூசையறையை மிதிப்பது.

சாதிப்பெயரும் அப்படித்தான். மேலே சொன்ன கல்வெட்டு அச்சை அப்படியே எடுத்தால் 'தெரிந்த கைக்கோளர்' போன்ற பெயர்களும் வரும். மறவர், எயினர் என்று பழைய போர்ச்சொல் தேடுபவர்களும் இதே இடத்தில் தடுக்குவார்கள். வில்லிகள், குதிரைச் சேவகர், பரிவாரத்தார் என்று தொழிலைச் சொல்லும் சொற்களோடு நில்லுங்கள். 'கரும்புலி' வேண்டவே வேண்டாம். ஈழத்து வாசகருக்கு அது கற்பனைச் சொல் அல்ல. அசுர் என்ற பெயரிலேயே ஜார்க்கண்டில் ஒரு பழங்குடி வாழ்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 'அசுரர்' என்ற பொதுச்சொல்லைத் தவிர்க்க முடியாவிட்டாலும், அவர்களின் நிறத்தையும் உணவையும் காட்டுவாழ்வையும் இழிவின் அடையாளமாக்காமல் இருக்க முடியும்.

விளையாட்டுக்குத் தமிழ் ஏற்றுபவர்

பெயர் திரையில் சரியாக வருமா என்பதை வைக்கும்போதே பாருங்கள். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். 'தூசிப்படை' கண்ணுக்கு 5 எழுத்து, நிரலுக்கு 9 குறி, 27 பைட். 'மழையந்தகத் தெரிந்த வில்லிகள்' 16 எழுத்து, இடைவெளியோடு 28 குறி, 80 பைட். படைப்பெயருக்கு 32 பைட் ஒதுக்கிய ஆட்டத்தில் அது நடுவில் வெட்டுப்படும். வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்தால் கடைசியில் பெட்டியோ கேள்விக்குறியோ தெரியும். முழுப்பெயருக்கு ஒரு புலம், சுருக்கப் பெயருக்கு ஒரு புலம் என்று இரண்டு வைப்பதே வழி.

ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் இல்லாத என்ஜினில் கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசை உடையும்; கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோடாட் 4 என்ற விளையாட்டு என்ஜினில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. இல்லாத இடத்தில் சிக்கிக்கொண்டால் கொம்பும் உகர, ஊகாரக் குறியும் வராத சொற்களைத் தேர்ந்தெடுக்கலாம். பேய், படை, சேனை மூன்றும் உடையும். கூளி, கழுது, சூர், பூதம் ஆகியவற்றிலும் உகர, ஊகாரக் குறி எழுத்தோடு சேராமல் தனியே நிற்கும். அணி, வில்லிகள் உடையாது.

ஒலி, புணர்ச்சி பார்ப்பவர்

பெயர் முடிவானதும் அதை வினையோடு சேர்த்து எழுதிப் பாருங்கள். 'கூளிகள் வந்தன' என்றால் அவை விலங்கு. 'கூளியர் வந்தனர்' என்றால் அவர்களுக்கு மனமும் கணக்கும் உண்டு. நன்னூல் மக்களையும் தேவரையும் மட்டுமல்ல, நரகரையும் உயர்திணையில் வைக்கிறது, ஆகவே இலக்கணம் உங்களைத் தடுக்காது. ஊர்க்காவலன் வாயில் 'வந்தன', படையின் தூதன் வாயில் 'வந்தோம்', கதைசொல்லி வாயில் எது என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே தீர்மானித்து, பாத்திரப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். ஒருமை வடிவத்தையும் அங்கேயே எழுதுங்கள். படைக்கு அழகான பெயர் இருந்தும், அதிலிருந்து தனியே பிடிபட்ட ஒருவனை எப்படி அழைப்பது என்று தெரியாமல் 'அந்தப் படையைச் சேர்ந்தவன்' என்றே நானூறு பக்கம் ஓட்டும் நாவல்கள் உண்டு.