பி.எஸ்சி. விலங்கியல் முடிக்கிறேன், மாலிகுலர் பயாலஜி எம்.எஸ்சி. போகலாமா? (தருமபுரி)

பாலக்கோடு_மல்பெரி:
எல்லோருக்கும் வணக்கம். தருமபுரியில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம், தமிழ் வழி. வீட்டில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்ப்பும். போன மழையில் ஐந்தாம் பருவத்தில் இருந்த புழுக்களுக்குப் பால்புழு நோய் வந்தது. உடம்பு கணுக்கணுவாக வீங்கி, தொட்டால் தோல் கிழிந்து வெள்ளையாக வடிகிறது. கூடு கட்ட நாலைந்து நாள்தான் பாக்கி, அதற்குள் பாதிப் புழு போய்விட்டது. எங்கள் சாரிடம் கேட்டேன். அது வைரஸ், செல்லின் உட்கருவுக்குள் போய்ப் பெருகும் என்றார். அன்றிலிருந்து வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

செல், டி.என்.ஏ. பற்றிய எம்.எஸ்சி.தான் படிக்க ஆசை. ஆனால் எங்கள் லேபில் மைக்ரோஸ்கோப்பும் பாட்டிலில் போட்ட பாம்பும்தான் இருக்கின்றன. துளியிலும் சிறிய அளவை உறிஞ்சி எடுக்கும் மைக்ரோபிப்பெட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இங்கிலீஷில் எழுத வருமா என்ற பயம் வேறு. அப்பா எங்கே வேண்டுமானாலும் படி, கடன் மட்டும் வாங்க முடியாது என்கிறார். மாமா பி.எட். போடு என்கிறார். என்ன செய்யட்டும்?

அரூர்_டீச்சர்:
மாமா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளாதேம்மா. பள்ளியில் முதுகலை ஆசிரியர் வேலை விலங்கியல், தாவரவியல் என்றுதான் வரும். மாலிகுலர் பயாலஜி, பயோடெக்னாலஜி என்று பட்டம் வாங்கினால் அது விலங்கியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்றால் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே அனுப்பிவிடுவார்கள். இதில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாத்தியார் வேலை உன் கணக்கில் இருந்தால் எம்.எஸ்சி. விலங்கியலே எடு. இல்லையென்றால் இதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

காவேரிப்பட்டணத்தான்:
தங்கச்சி என்று கூப்பிடுகிறேன், தம்பியாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் இதே பக்கத்திலிருந்து போய் இந்தப் படிப்பை முடித்து, இப்போது பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறேன். டீச்சர் சொன்னது உண்மை, முதலில் அதை முடிவு பண்ணு.

அப்புறம், பட்டத்தின் பெயரில் மயங்காதே. மாலிகுலர், செல்லுலார், ஜீனோமிக்ஸ் என்று எதை வேண்டுமானாலும் போர்டில் எழுதலாம். நான் படித்த தனியார் கல்லூரியில் பி.சி.ஆர். மெஷினுக்கு (டி.என்.ஏ. துண்டைப் பல கோடி நகலாக்கும் கருவி) எப்போதும் துணி போர்த்தியிருக்கும். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது மட்டும் கழற்றுவார்கள். அதனால் சேரும் முன்பு அங்கே படிக்கிற சீனியரிடம் இரண்டே கேள்வி கேள்: ஜெல்லை (டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தில் நகர்த்தி அளவுவாரியாகப் பிரிக்கும் கூழ்த் தகடு) நீங்களே ஓட்டினீர்களா, இல்லை சுற்றி நின்று பார்த்தீர்களா? நாலாம் செமஸ்டர் ப்ராஜெக்டை எங்கே செய்தீர்கள்? பதிலில் இழுவை இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

லேப் அனுபவம் இல்லை என்று கவலைப்படாதே, அது கைப்பழக்கம். ஜெல்லில் சாம்பிள் போடும்போது முதலில் எல்லோருக்கும் கை நடுங்கும். கூடக் கலக்கும் நீலச் சாயத்தில் கிளிசரால் இருப்பதால் அது தண்ணீரைவிடக் கனம். பிப்பெட் நுனியைக் குழிக்குச் சற்று மேலே பிடித்து மெதுவாக அமுக்கினால் தானே இறங்கி உட்காரும். உள்ளே குத்தினால் ஜெல் ஓட்டை. இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். வராதது என்னவென்றால், பி.சி.ஆரில் ஏன் 95 டிகிரி, ஏன் 72 டிகிரி என்று கேட்கிற புத்தி. 95இல் டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் பிரியும், 72இல் புது இழையைக் கட்டும் டாக் என்சைம் நன்றாக வேலை செய்யும். வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் என்சைம் என்பதால்தான் அந்தச் சூட்டிலும் கெடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால் 30 சுற்றில் ஒரு துண்டு 107 கோடியாகும். இப்படிக் காரணத்தோடு படித்தவர்கள்தான் நேர்காணலில் தேறுகிறார்கள்.

உனக்கு அந்தப் புத்தி இருக்கிறது, பால்புழுவில் தொடங்கியிருக்கிறாய். அடுத்த முறை வந்தால் (வரவேண்டாம்) அந்த வெள்ளைத் திரவத்தில் ஒரு துளியைக் கல்லூரி மைக்ரோஸ்கோப்பில் 40எக்ஸ் வைத்துப் பார். பளபளவென்று பல முகம் கொண்ட படிகங்கள் தெரியும். பாலிஹெட்ரின் என்ற புரதத்தால் வைரஸைச் சுற்றி எழுந்த பெட்டி அது. புழு இலையோடு தின்றால் குடலின் காரத்தில் பெட்டி கரைந்து வைரஸ் வெளியே வரும். அந்தப் புரதத்தை மூட்டை மூட்டையாகச் செய்யவைக்கிற ப்ரொமோட்டரை (ஜீனை முடுக்கிவிடும் டி.என்.ஏ. பகுதி) ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்து, அதன் பின்னால் வேறு ஜீனை ஒட்டி, பூச்சிச் செல்லில் வேண்டிய புரதத்தை விளைவிக்கிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் செர்வாரிக்ஸ் ஊசி இந்தக் குடும்பத்து வைரஸை வைத்துத்தான் தயாரானது. உங்கள் வீட்டு நஷ்டத்துக்குப் பின்னால் ஒரு செமஸ்டர் பாடம் இருக்கிறது.

பணத்துக்கு வழி காட்-பி, அதாவது பயோடெக்னாலஜி முதுகலைக்கான தேசிய நுழைவுத் தேர்வு. அதில் தேறி எம்.எஸ்சி. பயோடெக்னாலஜியில் இடம் கிடைத்தால் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை மாதம் 5,000 ரூபாய் தருகிறது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகமும் இதில் உண்டு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் பயோடெக்னாலஜி தாள் எழுதலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு சி.யு.இ.டி. பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதணும், அங்கே பயோகெமிஸ்ட்ரியும் மாலிகுலர் பயாலஜியும் சேர்ந்த எம்.எஸ்சி. இருக்கிறது.

பாலக்கோடு_மல்பெரி:
தங்கச்சிதான் அண்ணா. காட்-பியில் கணக்கும் வருமாமே? பிளஸ் டூவில் நான் கணக்கு எடுக்கவில்லை. இங்கிலீஷுக்கு என்ன பண்ணுவது?

காவேரிப்பட்டணத்தான்:
முதல் பகுதியில் வரும். பிளஸ் டூ அளவில் இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் சேர்த்து 60 கேள்வி, தலா 1 மார்க், தப்பானால் அரை மார்க் போகும். இரண்டாம் பகுதிதான் நம் பாடம். 100 கேள்வியில் 60 எழுதினால் போதும், தலா 3 மார்க். மொத்தம் 240இல் 180 அங்கேதான் இருக்கிறது. கணக்கில் தெரியாததைத் தொடாதே, அவ்வளவுதான்.

இங்கிலீஷுக்கு நான் செய்தது இது. நம் பாடநூல் கழகத்தின் 11, 12ஆம் வகுப்பு உயிரியல் புத்தகங்கள் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசம். ஒரே பாடத்தைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, உடனே அதே பக்கத்தை இங்கிலீஷில் படித்து, மூடிவைத்து ஐந்து வரி எழுது. இலக்கணம் தப்பினால் தப்பட்டும், பாடம் தப்பக் கூடாது.

இன்னொன்று, ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மரபுவள மையம் இருக்கிறது. பட்டுப்புழு, மல்பெரி ரகங்களைச் சேர்த்துப் பாதுகாப்பது அவர்கள் வேலை. துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி, பார்க்க வரலாமா என்று எழுதிக் கேள். போனால் உங்கள் வீட்டில் என்ன ரகம், எந்தப் பருவத்தில் நோய் வந்தது, வெயிலா மழையா என்று குறித்து எடுத்துப் போ, அவர்கள் கேட்பார்கள்.