ஒசாகா டிவியில் வந்த ‘தேங்காய் விளம்பரம்’ யாருக்காவது நினைவிருக்கிறதா?

உமா (கோவை):

1993 முதல் 1999 வரை ஒசாகாவை ஒட்டியிருக்கும் மொரிகுச்சியில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்து ஊர் கதோமாவில் வேலை. போகும்போது எனக்கு ஐந்து வயது, திரும்பும்போது பதினொன்று. பள்ளியில் கற்ற ஜப்பானிய மொழியில் எழுத்தும் போச்சு, பேச்சும் போச்சு. டிவி விளம்பரப் பாட்டுகள் மட்டும் போகமாட்டேன் என்கின்றன. பாத்திரம் தேய்க்கும்போது தானாக வாய்க்கு வந்துவிடுகின்றன.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டில் அவை எல்லாம் தமிழாகத்தான் காதில் விழுந்தன. கனி தோராக்கு என்ற நண்டு உணவகத்தின் பாட்டில் ‘தொரெ தொரெ பிச்சி பிச்சி’ என்று வரும். நண்டைப் பிய்த்துப் பிய்த்துத் தின்னச் சொல்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். 551 ஹோராய் பன் விளம்பரம் இன்னும் மோசம். ‘அரு தொக்கி’ என்றதும் எல்லோரும் சிரிப்பார்கள், ‘நாய் தொக்கி’ என்றதும் முகம் தொங்கிப்போகும். என் அண்ணன் விளக்கம் சொன்னான்: “ஆறு பன் இருந்துச்சு, நாய் வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு.” கொஞ்சம் மொழி வந்த பிறகுதான் ‘அரு’ என்றால் இருக்கிறது, ‘நாய்’ என்றால் இல்லை என்று புரிந்தது. பன்னுக்குள் பன்றி இறைச்சி. சைவமான எங்கள் வீட்டில் என்றைக்கும் ‘நாய்’தான்.

கியோபாஷியில் கிரான் ஷாட்டோ என்றொரு கட்டடம். கெய்ஹான் ரயிலில் போய் இறங்கினால் கண்ணில் படும். அதன் விளம்பரப் பாட்டு பச்சை ஒசாகா வட்டாரப் பேச்சில் இருக்கும். அப்பாவின் அலுவலக நண்பர்கள் வீட்டுக்கு வந்த அன்று, பாடிக்காட்டு என்றார்கள். பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாட்டை விட்டுவிட்டு இதை முழுசாகப் பாடினேன். அவர்கள் தரையில் கையைத் தட்டிச் சிரித்தார்கள். அது ஏதோ அரண்மனை என்று நம்பிக்கொண்டிருந்தேன். சானா குளியலும் கேபரேயும் இருக்கிற இடம் என்று அப்பா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு!

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு விளம்பரம் மட்டும் எதற்கு என்றே தெரியவில்லை. சீருடை போட்ட ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நடிகர்கள் மாதிரி இருக்காது, ஆண்டுவிழா மேடையில் ஒப்பிக்கிற பிள்ளைகள் மாதிரி விறைப்பு. கடைசியில் பாட்டு: ‘கன்சாய்... தேங்கா... ஏதோ... காய்’. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே தேங்காய் விளம்பரம். தேங்காய்த் துருவலுக்காக அம்மா கோபேயில் இருந்த இந்தியக் கடைவரை போய்வந்த காலம். “ஃபோன் நம்பர் ஏதாவது காட்டறானா பாருடி” என்று அடுப்படியிலிருந்து கத்துவாள். அது என்ன விளம்பரம்?

கோபே அண்ணாச்சி:

தேங்காய் இல்லை தாயி, கரண்டு. ‘தெங்கி’ என்றால் மின்சாரம். முழுப்பெயர் ‘கன்சாய் தெங்கி ஹோவான் கியோகாய்’, அதாவது கன்சாய் மின் பாதுகாப்புச் சங்கம். கன்சாய் என்பது ஒசாகா, கோபே, நாரா எல்லாம் சேர்ந்த இந்த வட்டாரம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விளம்பரத்தில் நின்றவர்கள் அந்தச் சங்கத்து ஊழியர்களேதான், அதனால்தான் அந்த விறைப்பு. இந்தப் பக்கத்து ஆட்களிடம் அந்தப் பெயரை எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ராகம் போடாமல் வாசிக்க வராது.

நண்டுப் பாட்டில் பிய்ப்பதெல்லாம் இல்லை. ‘இப்போதுதான் பிடித்தது, துள்ளுகிறது’ என்று அர்த்தம். மெட்டுப் போட்டவர் கிதா தாரோ. அரிமா வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஹ்யோயே கோயோகாக்கு என்ற விடுதியின் பாட்டும் அவருடையதுதான். ‘நானிவாவின் மொசார்ட்’ என்பார்கள், நானிவா என்பது ஒசாகாவின் பழைய பெயர். 2024 மே மாதம் 93 வயதில் போய்ச் சேர்ந்தார்.

நான் 1986-இல் கோபே வந்தவன். எனக்குப் பிடித்தது பார்னாஸ் என்ற ரஷ்ய பாணி மிட்டாய்க் கம்பெனியின் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். பனிச்சறுக்கு வண்டி, கனவு, இனிப்பு என்று வரிகள் போகும், ஆனால் மெட்டைக் கேட்டால் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்க இப்படி ஒரு சோகப் பாட்டை யார் யோசித்தார்களோ! கம்பெனியே இப்போது இல்லை.

1995 ஜனவரி 17 நிலநடுக்கத்துக்கு அப்புறம் எங்கள் பகுதிக்குக் கரண்டு வந்து டிவி போட்டால், விளம்பரமே கிடையாது. நாள் முழுக்கச் செய்தி. அப்புறம் ஒருநாள் நண்டுப் பாட்டு வந்தது. என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து கூடவே பாடினாள், அவளுக்கே தெரியாமல்.

ஷினகாவா சிவா:

உமா சொன்னதில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை, 20 வருஷமாக டோக்கியோ. நிகழ்ச்சி டோக்கியோவில் தயாரானதாக இருந்தாலும், இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவில் வரும் 15 விநாடித் துண்டுகளை அந்தந்த ஊர் நிலையம்தான் விற்கிறது. ஒரே நேரத்தில் ஒரே கார்ட்டூன் பார்த்த ஒசாகாப் பிள்ளையும் டோக்கியோப் பிள்ளையும் வேறு வேறு பாட்டோடு வளர்கிறார்கள். சேனல் எண்கூடக் குழப்பம்: இங்கே 4-இல் வருவது அங்கே 10-இல்.

எங்கள் பக்கத்துக்கு ‘இதோ’ என்ற ஊரில் உள்ள ஹத்தோயா ஹோட்டல். பாட்டிலேயே ஃபோன் நம்பர் 4126. எண்களைச் சேர்த்துப் படித்தால் ‘யோ-இ-ஃபு-ரோ’, நல்ல குளியல். வரிகளை எழுதியவர் பின்னாளில் நவோகி என்ற இலக்கியப் பரிசு வாங்கிய நொசாகா அகியுகி.

551 பன் மட்டும் தெரியும். ஒசாகாவில் பிசைந்த மாவு இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில்தான் கடை போடுவார்களாம், அதனால் டோக்கியோவுக்குக் கடை வராது. ஷின்-ஒசாகாவில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். நாகோயா தாண்டுவதற்குள் பெட்டி முழுக்க வெங்காய வாசனை, பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். கோபமா பசியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நாரா அம்மா:

பியானோ விளம்பரத்தை விட்டுவிட்டீர்களே! சகாய் ஊரின் தக்கெமொத்தோ பியானோ, பழைய பியானோ வாங்குகிற கம்பெனி. ‘பியானோவை வித்துடுங்க’ என்று நடிகர் ஸைத்சு இச்சிரோ ஆடிக்கொண்டே வருவார். அதைப் போட்டால் அழுகிற குழந்தை நிறுத்திவிடும் என்று இங்கே ஊருக்கே தெரியும். ‘தாந்தேய் நைட் ஸ்கூப்’ என்ற டிவி நிகழ்ச்சியில் குழந்தைகளை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். மூத்தவனுக்கு மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்தது. சின்னவள் இன்னும் சத்தமாக அழுதாள். அவள் எதற்குத்தான் மசிந்தாள்?

உமா (கோவை):

அண்ணாச்சி, அதேதான்! இணையத்தில் தேடி, நேற்று அம்மாவுக்கு ஃபோனிலேயே போட்டுக் காட்டினேன். முதல் நொடியிலேயே “ஏய், தேங்காய்!” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

அப்புறம் சொல்கிறாள்: “அப்போ ஒருநாள் யூனிஃபார்ம் போட்டு ஒருத்தன் வந்து, வாசல் மேல இருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு, காபி குடுத்தா வேண்டாம்னு கும்பிட்டுட்டுப் போனானே, அவன்தானா? என்னமோ பேரு சொன்னான், எனக்கு வெளங்கல. பாடியிருந்தா தெரிஞ்சிருக்கும்ல.”