புதுச்சேரிக் காற்றில் ஒரு அலிஸே கட்டிய கதை

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்கள் குழுவில், கஷ்டமான கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பெட்டி) ஏதாவது கட்டி முடித்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது, அலமாரியில் பூனை ஏற முடியாத மேல்தட்டில் நிற்கும் ப்ரெகே அலிஸே விமானம்தான். 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறு மாதம் பிடித்தது. அதில் உண்மையாக வேலை செய்த நாட்கள் ஒன்றரை மாதம் தேறினால் அதிகம், மீதியெல்லாம் கோபத்தில் பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்த நாட்கள்.

கிட் எப்படிக் கைக்கு வந்தது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், சித்தப்பா குடும்பம் பிரான்சில். 2024 ஜூலையில் லீவுக்கு வந்த சித்தப்பா மகன் சாக்லேட், சென்ட் பாட்டிலோடு இந்தப் பெட்டியையும் தூக்கி வந்தான். "நம்ம நேவியிலும் இது இருந்துச்சாமே அண்ணா" என்றான். நான் அதை அலைஸ், அலைஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவன்தான் சிரித்துவிட்டு அலிஸே என்று திருத்தினான். பள்ளிக்கூடப் புவியியலில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அதற்குப் பிரெஞ்சில் அதுதான் பெயராம். பெயரிலேயே காற்று. அந்தக் காற்றுதான் பின்னால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அலிஸே நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் செய்த விமானம், முதலில் பறந்தது 1956இல். மூக்கில் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் டர்போபிராப் எஞ்சின், உள்ளே மூன்று பேர், கப்பலில் இடம் அடைக்காமல் இருக்க மடங்கும் இறக்கை, வயிற்றில் இறக்கி ஏற்றக்கூடிய ரேடார் குமிழ். நம் கடற்படை 1961இல் ஐ.என்.ஏ.எஸ். 310 என்ற அணியில் இதைச் சேர்த்து ஐ.என்.எஸ். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் ஏற்றியது. 1971 டிசம்பர் போரில் சீ ஹாக் ஜெட் விமானங்களோடு சேர்ந்து இதுவும் இதே வங்கக் கடலில்தான் விக்ராந்திலிருந்து கிளம்பியது. அதனால் பிரெஞ்சு அடையாளம் வேண்டாம், நம் அடையாளத்தில்தான் செய்வது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். அது ஒன்றுதான் சிக்கலில்லாமல் முடிந்த வேலை.

கம்பெனி பெயர் வேண்டாம். ஷார்ட் ரன் கிட், அதாவது குறைந்த எண்ணிக்கையில் அச்சடிப்பது. இதுவரை நான் கட்டியதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கிட். அதில் ஒரு பாதியில் குச்சி இருக்கும், மறுபாதியில் துளை இருக்கும், அமுக்கினால் 'டக்' என்று உட்காரும். இதில் குச்சியும் இல்லை, துளையும் இல்லை. உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்று மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டர்தானே என்பீர்கள். 1/72இல் அது நிஜ விமானத்தில் ஏழு சென்டிமீட்டர். மூக்கைச் சரியாக வைத்தால் வால் கோணும், வாலைச் சரியாக வைத்தால் மூக்கில் படி விழும். கடைசியில் மூக்கிலிருந்து ஒட்ட ஆரம்பித்து, இரண்டு அங்குலம் ஒட்டிக் காயவிட்டு, மறுநாள் அடுத்த இரண்டு அங்குலம் என்று போய், மிச்சத்தை வாலில் உப்புத்தாளால் தேய்த்துக் கரைத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் பொருத்திப் பார், பொருத்திப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பார்த்தேன், பதினைந்து தடவையாவது. பொருந்தவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இறக்கையின் கதை தனி. உடம்பில் ஒட்ட வேண்டிய இடம் வெறும் தட்டைச் சுவர், அதில் இறக்கையை அப்படியே முட்டக் கொடுத்து ஒட்டச் சொல்கிறது வழிகாட்டித் தாள். 21 சென்டிமீட்டருக்கு மேல் விரிகிற இறக்கையை வெறும் பசை தாங்குமா? பின்வைஸில் (கையால் திருகும் சின்னத் துளைக்கருவி) மெல்லிய டிரில் போட்டு இரண்டு பக்கமும் துளைத்து, பித்தளைக் கம்பி சொருகினேன். இரண்டு இறக்கையும் ஒரே சாய்வில் நிற்கிறதா என்று பார்க்க அண்ணன் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து செட் ஸ்கொயர், அடியில் தீப்பெட்டிகள். இடுக்கு இருந்த இடத்தில் ஸ்ப்ரூத் துண்டுகளை (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) பசையில் ஊறவைத்துக் கரைத்த கூழை அடைத்தேன். கடைப் பட்டி காய்ந்தால் சுருங்கும், இது அதே பிளாஸ்டிக்காகவே இறுகும். என்ன, முழுசாகக் காய ஒரு வாரம் ஆகும், அவசரப்பட்டுத் தேய்த்தால் சூயிங்கம் மாதிரி இழுக்கும். இழுத்தது.

காக்பிட்டுக்கு ரெசின் சீட்டும், பித்தளைத் தகட்டில் அரித்து எடுத்த சின்னச் சின்ன பாகங்களும் வந்திருந்தன. ரெசினைத் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பித்தளைப் பாகங்களில் சீட் பெல்ட்டின் ஒரு கொக்கி, நீளம் இரண்டு மில்லிமீட்டர் இருக்குமா, இடுக்கியில் எடுத்த நொடி 'டிங்' என்று பறந்தது. எங்கள் வீட்டில் மொசைக் தரை. மொசைக் தரை போட்டவரை அன்றைக்கு முழுக்கத் திட்டினேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை என்று எல்லா நிறத்திலும் இரண்டு மில்லிமீட்டர் புள்ளி இருக்கிற தரையில் இரண்டு மில்லிமீட்டர் பித்தளையை எங்கே தேடுவது? லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தால் மேலே கிடப்பதற்கெல்லாம் நீளமாக நிழல் விழும். அப்படித் தேடியதில் அம்மாவின் ஒற்றை மூக்குத்தித் திருகு கிடைத்தது. கொக்கி கிடைக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் அந்த கிட்டின் மேல் நல்ல அபிப்பிராயம் வந்தது.

இதற்குச் சக்கரக் கால் மூன்று, முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. மூக்கில் கனம் வைக்காவிட்டால் வாலில் குந்திவிடும். எவ்வளவு வைப்பது என்று தாளில் இல்லை. தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் பக்கம் வலைச் சாமான் விற்கிற கடையில் ஈயக்குண்டு கேட்டேன். "என்ன வலைக்கு?" என்றார் கடைக்காரர். விமானத்துக்கு என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காசு வாங்காமல் ஒரு பிடி கொடுத்தார். உடம்பை மூடுவதற்கு முன்னால் டேப்பால் எல்லாவற்றையும் தற்காலிகமாக ஒட்டி, பின்சக்கரம் வரும் இடத்தில் பென்சிலின் மேல் நிறுத்தி, மூக்கு சாயும் வரை ஒவ்வொரு குண்டாகப் போட்டேன். சாய்ந்த பிறகு இன்னும் இரண்டு. பட்டியும் பெயின்ட்டும் பின்னால்தானே ஏறும்.

செப்டம்பர் கடைசியில் விமானம் விமானம் மாதிரி தெரிய ஆரம்பித்தபோது நண்பனின் அப்பா பார்க்க வந்தார். முத்தியால்பேட்டையில் இருக்கிறார், எழுபதுகளில் கடற்படையில் மெக்கானிக்காக இருந்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

"ஏன் தம்பி, இது நிக்கிற வண்டியா, பறக்கிற வண்டியா?"

"நிக்கிறதுதான் சார், சக்கரம் கீழே இருக்கே."

"நிக்கும்போது இந்தக் குமிழை எதுக்கு இறக்கி வச்சிருக்கே? தரையில நீர்மூழ்கி தேடப்போறியா?"

அந்த ரேடார் குமிழை அழகாக இருக்கிறதே என்று நான்தான் கீழே இறக்கி ஒட்டியிருந்தேன். ஃபெவிக்விக்கில் ஒட்டியிருந்ததால் பிழைத்தேன். குளிரில் அது நொறுங்கும் என்பதால் விமானத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ராத்திரி எடுத்துக் கத்தி நுனியால் லேசாக நெம்பினேன், 'படக்' என்று வந்துவிட்டது. இடையில் வஞ்சிரம் எடுக்கப்போன அம்மா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. நண்பனின் அப்பா அன்றைக்குப் போகும்போது இன்னொன்றும் சொன்னார், இதைக் கிளப்ப வேண்டுமென்றால் கப்பலே காற்றை எதிர்த்துத் திரும்பி ஓட வேண்டும், காற்று இல்லாத நாளில் எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைக்கும் என்று. எனக்கு அதற்கு நேரெதிர், காற்று இருந்ததுதான் பிரச்சினை.

பெயின்ட். மேலே அடர்ந்த கடல் சாம்பல், கீழே வெளிர் நிறம். லேக்கர் வகைப் பெயின்ட், ஏர்பிரஷ், காயலான் கடையில் வாங்கிய பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர். பிரைமர் ஒழுங்காக உட்கார்ந்தது. கீழ்ப்பக்கமும் சரி. அக்டோபரில் ஒரு சாயங்காலம், மழை இல்லை, கடலிலிருந்து நல்ல காற்று, மாடியில் வைத்து மேல் சாம்பலை அடித்தேன். அடிக்கும்போது பளிச்சென்று ஈரமாக அழகாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் இடது இறக்கையில் மெல்லிசாக ஒரு வெள்ளை. பத்து நிமிடத்தில் விமானம் முழுக்கத் திருநீறு பூசினது மாதிரி பூத்துவிட்டது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடி பூத்தது. பெயின்ட் கெட்டுப்போனது என்று நினைத்துப் புது டப்பா வாங்கினேன். அதுவும் பூத்தது. மூன்று கோட், மூன்று தடவை வாட்டர் பேப்பர், நான் ஊசியால் கீறி வைத்திருந்த பேனல் கோடுகளில் (தகடுகள் சேரும் இடத்துக் கோடுகள்) பாதி அழிந்தே போயின.

வண்டியை டிங்கரிங் பட்டறைக்கு விட்டிருந்த ஒரு நாள், அங்கிருந்த பெயின்டர் அண்ணனிடம் போட்டோவைக் காட்டினேன். ஒரு நொடிதான் பார்த்தார். "சாயங்காலம் அடிச்சீங்களா?" என்றார். தின்னர் வேகமாக ஆவியாகும்போது அடித்த இடம் சில்லென்று குளிரும், காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் பனி மாதிரி படியும், அந்தத் தண்ணீர்தான் பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிகிறது, பெயின்ட் மேல் குற்றமே இல்லை என்றார். கடலோரத்தில் ஐப்பசி கார்த்திகையில் நாங்களே டாப் கோட் அடிக்க யோசிப்போம், நீங்கள் மாடியில் நின்று கடல் காற்றில் அடித்திருக்கிறீர்கள் என்று சிரித்தார். சின்ன பாட்டிலில் ரிட்டார்டர் கொடுத்தார், தின்னரில் கொஞ்சம் கலந்தால் மெதுவாக ஆவியாகும். "பொங்கல் கழியட்டும் தம்பி, வெயில் ஏறினதுக்கப்புறம் பத்து மணிக்கு மேல ரூமுக்குள்ள வச்சு அடிங்க. கம்ப்ரசர் பைப்புல தண்ணி பிடிக்கிற கிண்ணம் இருக்கா?" இல்லை. அதையும் வாங்கினேன்.

பொங்கல் வரை பொறுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நவம்பர் 30 ஃபெங்கல் புயல் வந்தது. புதுச்சேரியில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரன்ட் இல்லை, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை நினைத்துக்கொண்டு நடுராத்திரியில் எழுந்து அதைப் பரணில் ஏற்றினேன். டிவியை ஏற்றுவதற்கு முன்னால் அதை ஏற்றினேன் என்று இன்றுவரை வீட்டில் பேச்சு.

தை பிறந்தது. ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, ஜன்னலைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு அடித்தேன். ஐந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பத்து நிமிடம். பூக்கவில்லை. சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

டீகால், அதாவது தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் அடையாளப் படம், அதை ஒட்ட எங்கள் போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள், காய்ந்த பிறகு ஓரத்தில் உப்புக்கறை நிற்கும். பெட்ரோல் பங்கில் கிடைக்கிற பேட்டரி தண்ணீர் போதும். கடைசியாக நடுவில் பச்சை, சுற்றி வெள்ளை, வெளியே காவி என்று அந்த வட்டத்தை இறக்கையில் வழுக்கி உட்கார வைத்தபோது கை நடுங்கியது, கொஞ்சம் கோணல்தான். மேலிருந்து பார்த்தால் தெரியும். அதனால்தான் மேல்தட்டு.

பதில், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

உங்களுடையதைப் படித்ததும் என் பாவமும் நினைவுக்கு வந்தது. மகன் பள்ளிக் கண்காட்சிக்காக 1/72 நாட், நம் விமானப்படையில் இருந்த குட்டிப் போர் விமானம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செக்கோன் ஓட்டினாரே, விமானப்படையில் பரம்வீர் சக்கரம் வாங்கிய ஒரே ஆள், அவருடைய விமானமாகச் செய்யலாம் என்று நினைத்தோம். பன்னிரண்டு சென்டிமீட்டர் தேறும், அவ்வளவுதான் விமானமே. எல்லாம் முடிந்து கடைசியில் கண்ணாடி மூடியை ஃபெவிக்விக்கில் ஒட்டினேன். காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்கப் புகை படிந்தது மாதிரி வெள்ளை, அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுமாம். பைலட் பனிமூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். நெம்பி எடுத்து உள்ளே பற்பசை போட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்துத் தெளிய வைத்தோம், பிறகு சாதாரண ஃபெவிகாலில் ஒட்டினோம். கண்காட்சியில் ஒரு டீச்சர் கேட்டாராம், இது எந்த ராக்கெட் என்று.

பதில், லாசுப்பேட்டையிலிருந்து:

பழைய கிட்டில் டீகால் தாள் மஞ்சள் பூத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஜிப் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வைத்தால் சில வாரத்தில் மஞ்சள் வெளுக்கும். நம் ஊர் வெயிலுக்கு எனக்குப் பத்தே நாள். ஆனால் மறந்துவிட்டால் காவியும் சேர்ந்து வெளுக்கும், எனக்கு அதுவும் நடந்தது.

மறுபடி நான்:

டீகால் விஷயம் முன்னாலேயே தெரிந்திருக்கலாம். சித்தப்பா மகன் நேற்று போன் செய்தான், அடுத்த லீவுக்கு வரும்போது சீ ஹாக் எடுத்து வரட்டுமா, அதுவும் ஷார்ட் ரன்தான் என்றான். பின்னாலிருந்து அம்மா வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். எடுத்து வா என்று சொல்லிவிட்டேன். ஜூலையில் வரும், கட்டுகிற வேலையை அதற்குள் முடித்தாலும் பொங்கலுக்கு முன்னால் பெயின்ட் டப்பாவைத் திறக்கமாட்டேன்.